உள்ளே ஒருவர்

வாச்சுமேனைக் கழற்றுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து இறங்கிவிட்டது என்று கேட்டிலிருந்து போன் வந்தபோது, பவுன்தாய் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இட்லி தொண்டையில் இறங்கினால்தானே! டப்பாவை மூடினாள், கை கழுவினாள், மறுபடியும் வந்து உட்கார்ந்து திரையையே பார்த்தாள்.

வாச்சுமேன் என்றதும் தொப்பியும் விசிலுமாக ஓர் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு கம்ப்யூட்டர். சின்னமனூர் பைபாஸில் இருக்கிற வாழைக்காய்க் குளிர்க்கிடங்கில் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற பழுப்பேறிய பெட்டி. அதன் விசிறி போடுகிற சத்தம் மாவு மில்லுக்குச் சளைத்ததில்லை. சுமை தூக்குகிறவர்கள் வைத்த பேர்தான் வாச்சுமேன். அறைக்குள் போகிற ஆளையும் வருகிற ஆளையும் எண்ணுவது அதன் வேலை.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், ஆள் செத்துப்போவான். வெட்டிய பிறகும் வாழைக்காய் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். மூச்சு விட விடத்தான் பழுக்கும். அறையிலுள்ள ஆக்சிஜனைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு நைட்ரஜனை நிரப்பினால் காய் மயங்கித் தூங்கிவிடும். மூன்று மாதம் ஆனாலும் பச்சை மாறாது. கப்பலேற்றுகிற நேரத்தில் எழுப்பிக்கொள்ளலாம். மனிதன் மாட்டிக்கொண்டால் அவனும் அப்படித்தான் தூங்குவான், ஆனால் எழுப்ப முடியாது. இதில் கொடுமை என்னவென்றால் மூச்சே முட்டாது. நன்றாக மூச்சு விடுவது போலவே இருக்கும், திடீரென்று கால் மடங்கிவிடும்.

அதனால்தான் ஒவ்வொரு கதவிலும் ஒரு மைக். உள்ளே போகிறவன் தன் பேரைச் சொல்லி, சொல்லிக்கொண்டு போக வேண்டும். வெளியே வருகிறவனும் சொல்ல வேண்டும். முதலில் கார்டுதான் கொடுத்தார்கள். நாலு பேருடைய கார்டை ஒருத்தன் வாங்கித் தேய்த்துவிட்டு நாலு பேரும் பீடி குடிக்கப் போனார்கள். கேமரா வைத்தார்கள், குளிரில் அதன் கண் பனி மூடிக்கொண்டது. கடைசியில் தொண்டைதான் நம்பகம் என்று ஆயிற்று. அவனவன் குரல் அவனவனிடம்தானே இருக்கும்.

ஆறு அறை. வாச்சுமேனின் திரையில் ஆறு வரி. ஆளில்லாத அறைக்கு நேரே ‘உள்ளே: 0’ என்று இருக்கும். மூன்றாம் அறைக்கு நேரே மட்டும், ஆளே இல்லாவிட்டாலும், ‘உள்ளே: 1’.

அந்த ஒன்று பவுன்தாயின் புருஷன் சுருளிவேல்.

ஒன்பது வருடம் ஆகிறது. அன்றைக்கு வாச்சுமேன் ‘உள்ளே ஒருவர், உள்ளே ஒருவர்’ என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. அப்போதிருந்த மேனேஜர், “சுருளிய நான் இப்பத்தான டீக்கடைல பார்த்தேன், மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு” என்று கையாலேயே பம்பைப் போட்டுவிட்டார். டீக்கடையில் அவர் பார்த்தது அதே நீலச் சட்டை போட்ட வேறொரு ஆளின் முதுகு. எல்லாரும் சேர்ந்து சுருளிவேலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் வாச்சுமேனுக்கு அவனவன் குரலில் ‘வந்துட்டேன்’ என்று கேட்டால்தான் கணக்குத் தீரும். சுருளிவேல் சொல்லவில்லை. அந்த ஒன்று அப்படியே நின்றுபோயிற்று. மூன்றாம் அறையில் ஒன்று நின்றால் பரவாயில்லை, பம்பைப் போடலாம் என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். “ஒண்ணுன்னா காலி” என்பது கிடங்கில் எல்லாருக்கும் பாடம்.

செத்தவனின் பெண்டாட்டிக்கு வேலை கொடுத்தார்கள். எந்த வேலை வேண்டும் என்று கேட்டபோது, அந்த மெஷின் பக்கத்தில் உட்காருகிற வேலை என்றாள். எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் உண்மை பேசியது அது ஒன்றுதான் என்று அவள் நினைத்தாள். வந்து உட்கார்ந்து, கற்றுக்கொண்டு, இன்றைக்கு அதன் விசிறிச் சத்தம் மாறினாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். தினமும் சாயங்காலம் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த ஒன்றைப் பார்த்து, “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். கிடங்கில் கிண்டலுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் இதை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கிண்டல் செய்ததில்லை.

வந்தவன் இருபத்தாறு, இருபத்தேழு வயசுப் பையன். கார்வேந்தன் என்று பேர். கொண்டுவந்த புதுக் கம்ப்யூட்டர் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. சத்தமே இல்லை. சத்தம் இல்லாததே பவுன்தாய்க்குப் பிடிக்கவில்லை.

“ஒண்ணாந் தேதிக்கு மேல புது சிஸ்டம் சாஃப்ட்வேர் இல்லாத மெஷின் எதுவும் காத்துக் குழாயத் தொடக்கூடாதுன்னு சட்டமுங்க்கா” என்றான் ஒயரைப் பிரித்துக்கொண்டே.

“அத இதுலயே ஏத்திர வேண்டியதுதான தம்பி?”

“ஏறாதுங்க்கா. இதோட மெமரில புதுசு கால்வாசிகூடப் பிடிக்காது. இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லீங்க.”

“நல்லாத்தான ஓடுது?”

“எப்படி ஓடுதுன்னு தெரியலியே, அதானுங்க பிரச்சனை.” பையனுக்கு விளக்கம் சொல்வதென்றால் குஷி வந்துவிடும் போல. திரும்பி உட்கார்ந்தான். “இது உங்க ஆளுங்ககூடப் பழகிப் பழகி, யார் என்ன சொன்னா என்ன அர்த்தம்னு தானாக் கத்துக்கிட்டது. அதாவது ஊகிக்குது. உசுரு சம்பந்தப்பட்ட எடத்துல மெஷின் ஊகிக்கக் கூடாதுங்கறாங்க. எங்கயோ ஒரு மெஷின் தப்பா ஊகிச்சு நாலு பேர் போயிட்டாங்களாம், அதுக்கப்புறம் வந்த சட்டம். புதுசு ஊகிக்கவே ஊகிக்காது. சொன்ன சொல்லை மட்டுந்தான் எடுத்துக்கும். போறேன்னா உள்ள. வரேன்னா வெளிய. முடிஞ்சுதுங்க.”

“பம்பு?”

“அதையும் அதே பார்த்துக்கும். கதவு சாத்தி, உள்ள யாருமில்லீன்னா தானா ஓடும். மனுசன் கையே படாது. உங்ககிட்டயே ஒரு வாட்டி கையால போட்டு ஏதோ ஆச்சாமே?”

பவுன்தாய் பழைய பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ‘ஏதோ ஆச்சு’தான்.

பத்து மணிக்கு மேனேஜர் அமலதாஸ் எல்லாரையும் மூன்றாம் அறைக் கதவு முன்னால் வரிசையாக நிறுத்தினார். நல்ல மனிதர், ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் அது அவருக்குச் சாமி வாக்கு. காகிதத்தைப் பார்த்துப் படித்தார். “உள்ளே நுழையும்போது, பேர், அறை எண், ‘உள்ளே போகிறேன்’. வெளியே வரும்போது ‘வெளியே வருகிறேன்’. ஒவ்வொருத்தரா மைக்ல சொல்லிக் காட்டுங்க.”

பேச்சிராசு கையைத் தூக்கினான். சுமைக்காரர்களுக்கு மேஸ்திரி, சுருளிவேலுக்குச் சித்தப்பா மகன். வாய் ஓயாத ஆள்.

“அதென்ன சார் ‘போறேன்’? காலங்காத்தால வேற வார்த்தை கெடைக்கலையா?”

“மெஷினுக்குப் புரியணுமில்லய்யா.”

“எம் பொண்டாட்டிகிட்டகூட அப்படிச் சொன்னதில்ல சார். சாவு வீட்ல சொல்லாமக் கெளம்புவோம். மத்த எடத்துல பூராம் போயிட்டு வாரேன்னுதேன் சொல்லுவோம். ‘போறேன்’னு ஒரேயடியாப் போறவன்தேன் சொல்லுவான். அதுவும் இந்தக் கதவுகிட்ட நின்னு…” சொல்லிக்கொண்டே வந்தவன் பவுன்தாயைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“யோவ், நான் என்ன சகுனமா பார்க்கச் சொன்னேன்? சொல்லுங்கய்யா.”

சொன்னார்கள். எப்படிச் சொன்னார்கள் என்கிறீர்கள்! வேப்பெண்ணெய் குடிக்கிற முகத்தோடு ஒவ்வொருத்தராக வந்து ‘உள்ளே போகிறேன்’ என்றார்கள். நாலைந்து பேர் மைக்கைவிட்டுத் தள்ளி வந்ததும் பரிகாரம் மாதிரி வாய்க்குள்ளேயே “வாரேன்” என்று முணுமுணுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் இரும்புக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். புதுக் கம்ப்யூட்டர் ஒரு பெண் குரலில், ரொம்ப மரியாதையாக, “நன்றி” என்று எல்லாருக்கும் சொன்னது. பன்னிரண்டு பேருக்கும் சரியாக எண்ணியது. அமலதாஸ் காகிதத்தில் டிக் அடித்துவிட்டு, பேக்கிங் ஷெட்டுக்குப் போனார்.

பவுன்தாய்க்கு மனசு ஆறவே இல்லை. என்னவோ இடிக்கிறது, என்ன என்று பிடிபடவில்லை. இரண்டு வாட்டி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பியபோது கார்வேந்தன் பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்ற ஆரம்பித்திருந்தான். “பதினோரு வருசத்துக் குரலையும் புதுசு திரும்ப ஒரு தடவை கேட்டுக்குமுங்க்கா. கேட்டு, தானே புதுசா எண்ணிக்கும்” என்றவன் திரையைப் பார்த்துச் சிரித்தான். “உங்க வாச்சுமேனுக்கு வயசாயிருச்சுங்க. ஒரு ஆளு ஒம்பது வருசமா மூணாம் ரூமை விட்டு வெளியவே வரலீங்குது!”

“அது எங்க வீட்டுக்காரரு.”

சிரிப்பு அப்படியே நின்றது. பையன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தான், மறுபடி எடுத்தான்.

“தெரியாதுங்க்கா. மன்னிச்சிருங்க.”

“உனக்கெப்படி தம்பி தெரியும்? அத மட்டும் அழிச்சுராத.”

“நான் தொடவே மாட்டேனுங்க்கா. சத்தியமா.”

பதினொன்றே காலுக்கு மாற்றம் முடிந்தது. குழாயும் பம்பும் புதியதன் கைக்குப் போயின. பழைய பெட்டி மேசை ஓரத்தில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் ஒயரைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கியாயிற்று. எதையும் கேட்காது, எதையும் தொடாது. திரை மட்டும் எரிந்தது. ‘உள்ளே: 1.’

கதவில் பேச்சிராசு தலையை நீட்டினான். “மதினி, மூணுல ஒரு அடுக்கு சாஞ்சு நிக்கிதாம். நிமித்தி விட்டுட்டு வந்துர்றேன்.”

“சரி, பாத்து” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் புதுத் திரையை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். ஆறு வரி. ஆறிலும் பூஜ்யம்.

மூன்றாம் அறை. உள்ளே: 0.

ஒன்பது வருடத்தில் அந்த இடத்தில் பூஜ்யத்தை அவள் பார்த்ததே இல்லை. “தம்பி” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “அழிச்சுராதன்னு சொன்னேன்ல?”

“நான் அழிக்கலீங்க்கா!”

“அப்புறம் எங்க?”

கார்வேந்தன் பதறிப்போய்ப் பதிவுகளைத் தேடினான். “இருங்க… இருக்குதுங்க்கா. இங்க பாருங்க. சுருளிவேல். மூணாம் அறை. உள்ளே, பத்து நாப்பத்திரெண்டு. வெளியே…” நெற்றியைச் சுருக்கினான். “வெளியே, பத்து நாப்பத்திரெண்டு. வந்துட்டாருன்னு இருக்குதுங்க.”

வந்துட்டார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பவுன்தாய் திரும்பிக் கதவைப் பார்த்தாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் பார்த்தாள். நீலச் சட்டையில் வாழைக் கறையோடு, “என்னாத்தா, டீ போடலாமா?” என்று வந்து நிற்பானோ என்று நெஞ்சு ஒரு குதி குதித்தது. கதவில் யாரும் இல்லை. கண் நிறைந்துவிட்டது.

“அவரு குரலப் போடு” என்றாள்.

“அக்கா, வேண்டாமுங்க…”

“போடு தம்பி.”

போட்டான். விசிறிச் சத்தம், ட்ராலி உருளுகிற சத்தம், அதற்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற அந்தக் குரல். “சுருளிவேலு, மூணாம் ரூமு. போயிட்டு வாரேன்.” அவ்வளவுதான்.

கார்வேந்தன் மெதுவாகச் சொன்னான். “மெஷின் மேல தப்பில்லீங்க்கா. ‘போயிட்டு’ன்னு ஒரு சொல்லு, ‘வாரேன்’னு ஒரு சொல்லு. போனாரு, வந்தாரு. ஊகிக்காம, சொன்னதை மட்டும் எடுத்துக்கிச்சு.”

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். பாவி மெஷின், ஒரு நிமிஷத்துக்காவது அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டதே என்று இருந்தது. போயிட்டு வாரேன் என்றான், வந்துட்டான் என்று எழுதிக்கொண்டது. எல்லாரும் அப்படித்தானே சொல்லிவிட்டு…

எல்லாரும்.

“பேச்சி!” என்று கத்தினாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “தம்பி, பேச்சி மூணுக்குள்ள போயிருக்கான்!”

கார்வேந்தன் திரையைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. மூன்றாம் அறை. உள்ளே: 0. கதவு மூடப்பட்டது. பம்ப் இயங்குகிறது. ஆக்சிஜன் பதினேழு. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினாறு.

“நிறுத்து!”

“நிறுத்தணும்னா மேனேஜர் கைரேகையும் வேணுமுங்க்கா, ரெண்டு பேர் கை வெச்சாத்தான்…”

“கரண்டப் பிடுங்கு!”

“பிடுங்கினா கதவு பூட்டிக்குமுங்க! அக்கா, கதவு மைக்! மைக்ல ஒரு குரல் விழுந்து, ஆளு உள்ள போகுதுன்னு கேட்டா உடனே காத்தைத் திருப்பி விட்டுக் கதவைத் திறந்துரும்!”

அவன் முடிப்பதற்குள் அவள் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பத்து நாலு வயசு, முழங்கால் வலி, கழன்று போன செருப்பு, எதுவும் உறைக்கவில்லை. மூன்றாம் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே பம்பின் இரைச்சல். இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். உள்ளே கேட்காது என்று தெரிந்தும் அறைந்தாள். மைக்கில் வாயை வைத்தாள்.

“பவுன்தாயி, மூணாம் ரூமு, போயிட்டு வாரேன்!”

“நன்றி” என்றது அந்தப் பெண் குரல். “மூன்றாம் அறையில் யாரும் இல்லை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அடச்சீ! இப்போதுதானே கேட்டாள், இப்போதுதானே புரிந்துகொண்டாள்! மூளைக்குப் புரிந்து என்ன, நாக்குக்குப் புரிய வேண்டாமா? பிறந்ததிலிருந்து எந்த வாசலில் நின்றாலும் தானாக வந்து விழுகிற வார்த்தை. சுருளிவேல் இதே இடத்தில், இதே மைக்கில் சொன்ன வார்த்தை. மறுபடி வாயைத் திறந்தாள். ‘போயி’ என்றுதான் நாக்கு எழுந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

கார்வேந்தன் திரை முன்னாலிருந்து கத்தினான். “பதிமூணுங்க்கா!”

“பவுன்தாயி” என்றாள். மூச்சு வாங்கியது. “மூணாம் ரூமு. உள்ள… உள்ள போறேன்.” போதுமா போதாதா என்று தெரியவில்லை. “போறேன்! நான் போறேன், போறேன்!”

“நன்றி. உள்ளே ஒருவர்” என்றது குரல்.

பம்பின் சத்தம் அடங்கியது. வேறொரு பெரிய இரைச்சலோடு நல்ல காற்று உள்ளே பாய்ந்தது. கதவு இரண்டு விரற்கடை விலகியதும் பவுன்தாய் உடம்பைத் திணித்துக்கொண்டு நுழைந்தாள். “காத்து ஏறட்டுமுங்க்கா, நில்லுங்க!” என்று பையன் கத்தியது காதில் விழவில்லை. பச்சைக் காய் அடுக்குகளுக்கு நடுவே, கடைசி வரிசையில், ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு பேச்சிராசு தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. உதடு நீலம் பாரித்திருந்தது.

“என்னா மதினி” என்றான் குழறலாக. “கால் மரத்துப்போச்சு. என்னான்னு தெரியல…”

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து போட்டபோது தாழ்வாரம் முழுக்க ஆள் கூடிவிட்டது. அரை மணி நேரம் ஆக்சிஜன் பிடித்தார்கள். ஆம்புலன்சில் வந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, பிழைச்சுக்கிட்டார், ராத்திரி ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்றாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பேச்சிராசுக்கு நன்றாகப் பேச்சு வந்துவிட்டது.

“நான் என்னா மதினி தப்பாச் சொன்னேன்? எப்பவும் போலத்தான சொன்னேன்?”

“எப்பவும் போலத்தான்டா சொன்ன. போயிட்டு வா” என்றாள் அவள். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டும்வரை அங்கேயே நின்றாள்.

மத்தியானம் எந்த அறையும் ஓடவில்லை. அமலதாஸ் காகிதத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். டிக் அடித்த காகிதம். கார்வேந்தனின் கண் சிவந்திருந்தது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் யார் யாருக்கோ போன் போட்டு, அழாத குறையாகச் சண்டை பிடித்து, கடைசியில் அனுமதி வாங்கிவிட்டான். ஊகிக்கத்தான் கூடாதாம். ‘இந்தச் சொல்லுக்கு இந்த இடத்தில் இதுதான் அர்த்தம்’ என்று ஆதாரத்தோடு கற்றுக்கொடுத்தால் எழுதிக்கொள்ளுமாம்.

“நானும் வீட்டுல ‘போயிட்டு வர்றேனுங்கம்மா’ன்னு சொல்லிட்டுத்தானுங்க்கா காத்தால கெளம்புனேன்” என்றான். “எனக்கே தோணலியே.”

பேச்சிராசின் பதிவைத் திருத்தினான். சொன்னது, போயிட்டு வாரேன். நடந்தது, உள்ளேயே இருந்தார். புதியது அதை வாங்கிக்கொண்டு, பதினோரு வருடத்துக் குரல்களையும் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் ‘போயிட்டு வாரேன்’. ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு ‘வந்துட்டேன்’ இருந்தது. தேடிச் சேர்த்துக்கொண்டே வந்தது. நாலு மணி சுமாருக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. திரையில் கேள்வி வந்து நின்றது.

‘சுருளிவேல். மூன்றாம் அறை. வெளியே வந்தாரா?’

அமலதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். “ஆமான்னு போட்டுரும்மா. எதுக்குத் திரும்பத் திரும்ப… பூஜ்யமாயிரும், எல்லாருக்கும் நிம்மதி.”

“ஆமான்னு போட்டா என்னாகும்?” என்று பவுன்தாய் பையனைக் கேட்டாள்.

கார்வேந்தன் கொஞ்சம் தயங்கினான். “அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தமும் உண்டுன்னு எடுத்துக்குமுங்க. சில பேர் போயி உடனே வந்துருவாங்கன்னு.”

“இல்லன்னா?”

“இல்லீன்னா ஒண்ணு நிக்குமுங்க. பழையபடி.”

பழையபடி. அந்த ஒன்று நிற்கும். தினமும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். ஒண்ணுன்னா காலி. நிஜமாகவே ஒருத்தன் உள்ளே மாட்டியிருக்கும்போது, ஒண்ணுதானே, காலிதான் என்று யாராவது ஒரு நாள்… ஒன்பது வருடமாக இது ஏன் தோன்றவே இல்லை? அவள் அந்த ஒன்றை விட மனசில்லாமல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதனால் தோன்றவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கேட்டது இந்த மெஷின்தான்.

புதியதோடு வந்த மேசை மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“வரல” என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

‘விவரம்?’ என்றது திரை.

“தூக்கிட்டு வந்தாங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேள்வி மறைந்தது. ஆறு வரியும் வந்தன. மூன்றாம் அறை. உள்ளே: 0.

பம்பைப் பூட்டி வைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க ஓர் ஆளை உள்ளே அனுப்பினார்கள். யார் போவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றபோது அமலதாஸ் தானே எழுந்து போனார். “அமலதாஸ், மூணாம் அறை, போயிட்டு வரேன்” என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. “நன்றி. உள்ளே ஒருவர்.” திரையில் ஒன்று எரிந்தது. பவுன்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ‘வந்துட்டேன்’ என்று குரல் கேட்டது. ஒன்று பூஜ்யமாயிற்று. அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஐந்தரைக்குக் கார்வேந்தன் பழைய பெட்டியைக் கழற்ற வந்தான். ஸ்விட்சில் கை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அதன் திரையில் இன்னமும் ‘உள்ளே: 1’.

“நீங்க அணைக்கறீங்களாக்கா?”

அவள் அணைத்தாள். பதினோரு வருடமாக ஓடிய விசிறி இழுத்து இழுத்து நின்றது. அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, “போயிட்டு வர்றேனுங்க்கா” என்றான். “சரி தம்பி, பாத்துப் போயிட்டு வா” என்றாள்.

காலையில் மூடி வைத்த டிபன் டப்பாவைப் பையில் வைத்தாள். பையை மாட்டினாள். விளக்கை அணைத்தாள். வாசலில் வந்து வழக்கம்போல ஒரு நொடி நின்று, பெட்டி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். தூசியில் சதுரமாக ஒரு தடம் மட்டும் தெரிந்தது.

ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.